மடியில் மினுங்கிய மீன்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உவரிக்காரன்:
ஆழ்கடல் இறாலுக்கு மாமா கூட ஒரே ஒரு தடவை போனேன், தூத்துக்குடியிலிருந்து. இருநூறு பாக ஆழத்தில் இழுத்த வலை (ஒரு பாகம் சுமார் ஆறடி). விடியுமுன் மடியின், அதாவது வலையின் கடைசிப் பையின், கயிற்றை அவிழ்த்தார்கள். சிவப்பு இறாலுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். செதில் உரிந்து கிடந்தது, தலையில் பாதி கண்தான். உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பார்த்தேன். வயிற்றோரம் புள்ளி புள்ளியாக நீலம். இரண்டு தடவை மினுங்கி அணைந்தது. "கோழித்தீவனத்துக்குப் போறத என்னல கொஞ்சிக்கிட்டு இருக்க?" என்று மாமா தட்டிவிட்டார். ஆறு வருஷமாச்சு. வேறு யாருக்காவது மினுங்கியதா?

இடிந்தகரை அண்ணாச்சி:
தம்பி, அது மீன் வெளிச்சமே இல்லை. எங்கள் கரையில் சில ராத்திரி துடுப்புப் பட்டாலே தண்ணீர் நீலமாகத் தெறிக்கும். ஒருநாள் என் வேட்டி முழுக்க மினுங்கியது! ஈரக்கையில் அதுதான் ஒட்டியிருக்கும்.

பாளை மாணவி:
அண்ணாச்சி, தண்ணீரை அப்படி மினுங்க வைக்கும் நுண்ணுயிரி கையெல்லாம் பரவலாகத்தான் மினுங்கும், வரிசையாகப் புள்ளி வைக்காது. இது லாந்தர் மீன். சுமார் 250 இனம், ஆர்க்டிக் முதல் அன்டார்க்டிக் வரை எல்லாப் பெருங்கடலிலும் உண்டு. மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்தோடு வயிற்று விளக்கு கலந்துவிடுவதால், கீழிருந்து வேட்டைக்கு வரும் மீனுக்கு இதன் நிழல் தெரியாது. பகலில் பல நூறு மீட்டர் ஆழம். இருட்டியதும் பல இனங்கள் மிதவை உயிரிகளைத் தின்ன மேலே ஏறும். அதனால் உவரிக்காரர் பார்த்தது இருநூறு பாகத்தில் சிக்காமல், வலை ஏறும் வழியில் மாட்டியிருக்கலாம். நான் பார்த்ததெல்லாம் பாட்டிலில் வெளுத்துப்போன ஒன்றுதான். இனி கிடைத்தால் தயவுசெய்து ஐஸில் வையுங்கள். ஆழம், நேரம் குறியுங்கள். செதில் போனாலும் விளக்குப் புள்ளிகளின் அமைப்பை வைத்து இனம் பிரிக்கலாம். சில இனங்களில் வாலடி விளக்கு ஆணுக்கு மேலே, பெண்ணுக்குக் கீழே. ஃபார்மலினில் போட்டு வைக்காதீர்கள், மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல் கரைந்துவிடும். வயது பார்க்க அதுதான் வேண்டும்.

உவரிக்காரன்:
இறாலுக்கே ஐஸ் பத்தாதும்மா.

கூத்தங்குழி மைனி:
நீங்கள் சண்டை போடுங்கள். நான் சூரை வயிற்றைக் கிழித்தபோது உள்ளே அதே மாதிரி ஏழெட்டு. பாதி செரித்திருந்தது, ஆனால் ஓரமாகப் பாசிமணி கோத்தது போல அந்தப் புள்ளிகள். என் மகள் ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மினுங்கவில்லை. அன்றைக்குச் சூரைக் குழம்பை அவள் மட்டும் தொடவில்லை.