புதுப்பிப்பு: கியர் இறுகுற பிரச்சினை, கேபிள் மாத்தியாச்சு

முன்னாடி கேட்டிருந்தேனே, பழைய காரில் ஒண்ணாவதும் ரிவர்ஸும் விழ அடம்பிடிக்குது, கியர்பாக்ஸை இறக்கணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்கன்னு. இறக்க வேண்டிய வேலையே வரல.

இங்கே ஒருத்தர் சொன்ன சோதனைதான் வழி காட்டுச்சு. இன்ஜினை அணைச்சுட்டு கியர் போட்டுப் பார்த்தேன், அப்பவும் அதே இறுக்கம். கிளட்ச் கோளாறா இருந்தா அணைச்ச வண்டியில் பெரும்பாலும் சுலபமா விழுந்திடும். அடுத்து தர்மபுரி நாலு ரோடு பக்கத்து மெக்கானிக் அண்ணன், நம்ம கையில இருக்கிற கியர் குச்சியையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கேபிளை, கியர்பாக்ஸ் முனையில் கழட்டிட்டு, அங்கே இருக்கிற லிவரைக் கையாலயே தள்ளிக் காட்டினார். வழுக்கிட்டுப் போச்சு. அப்போ கேபிள்தான்.

வெளியே வந்ததைப் பார்க்கணுமே! உறை வெடிச்சு, தண்ணி இறங்கி, உள்கம்பி துருவேறிக் கிடந்தது. முனையில் இருக்கிற பிளாஸ்டிக் புஷ் (bush, சின்ன வளையம்) தேய்ஞ்சு தொளதொளன்னு. கூடவே இருக்கிற இன்னொரு கேபிள், அதாவது குச்சியை இடம் வலமா நகர்த்தறப்போ வேலை செய்ற செலக்ட் கேபிள், பரவாயில்லதான், ஆனா கன்சோல் (கியர் குச்சியைச் சுத்தி இருக்கிற மூடி) கழட்டுற கூலியை இன்னொரு தடவை எதுக்குக் கொடுக்கணும்? ரெண்டையும் மாத்தச் சொல்லிட்டேன். எண்ணெய் விட்டா போதும்னு சொன்ன நண்பருக்கு: வெடிச்ச உறைக்கு அது தாங்காதுங்க.

பொருத்தின பிறகு நியூட்ரலில் வைச்சு அட்ஜஸ்ட் பண்றதுல அவசரம் கூடாது. எங்களுக்கு முதல்ல அஞ்சாவது முழுசா உட்காரல, திரும்பவும் சரி பண்ணினார்.

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கியும் பார்த்தாச்சு. அந்தச் சரிவில் லாரிகளுக்கு நடுவுல கியர் குறைக்க முடியலன்னா பிரேக்கை மட்டும்தான் நம்பணும், என் பயமே அதுதான். இப்போ தயங்காம விழுது. பழைய கேபிள் படம் வேணும்னா சொல்லுங்க, போடுறேன்.