ஃப்ளாரன்ஸில் மூன்று நாள்: ஆம்பூரிலிருந்து போகிறோம், யோசனை சொல்லுங்க

ஆம்பூர்_ஃபினிஷிங்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில ஃபினிஷிங் சூப்பர்வைசர். எங்க கம்பெனி இத்தாலியிலேர்ந்து ஸ்ப்ரே மிஷின் ஒண்ணு வாங்குது. அதை ஓட்டக் கத்துக்க என்னையும் எங்க ஷிஃப்ட்ல இருக்கிற பாயையும் சான்டா குரோச்சே சுல்லார்னோன்னு ஒரு ஊருக்கு அனுப்புறாங்க. பாய் என்னைவிட ரொம்பப் பெரியவர், முட்டிவலி உண்டு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் வேலை. அப்புறம் சனி, ஞாயிறு, திங்கள் சொந்தச் செலவுல சுத்திட்டு வாங்கன்னு முதலாளி சொல்லிட்டார். ஜூன் கடைசியா, ஆகஸ்ட் ரெண்டாவது வாரமா, அதையும் எங்களையே பார்த்துச் சொல்லச் சொல்றார்.

என் பிளான்: சனி ஃப்ளாரன்ஸ், ஞாயிறு வெனிஸ், திங்கள் ரோம், அங்கேர்ந்தே ஃப்ளைட். நடுவுல முடிஞ்சா பைசா கோபுரம். பாய் "ஒரே ஊர்ல இருக்கலாம்பா"ன்னு முணுமுணுக்கிறார்.

வெயில் பிரச்சினையில்லை. ஜில்லாவைப் பிரிச்சு எங்களைத் திருப்பத்தூர்ல சேர்த்துட்டாங்களே தவிர, அடிக்கிறது வேலூர் வெயில்தான். பாய்க்கு ஹலால் வேணும். நான் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன். தங்கச்சி லெதர் பை கேட்டிருக்கா (ஆம்பூர்ல இருந்துக்கிட்டு!). போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

காட்பாடி_ஜங்ஷன்:

காட்பாடியில ஏறி மூணே நாள்ல திருப்பதி, மதுரை, கன்னியாகுமரி எல்லாம் பார்த்துட்டேன்னு சொல்றவங்க மாதிரி ஆயிடும் உங்க பிளான். ஃபாஸ்ட் டிரெயின்ல ஃப்ளாரன்ஸ்லேர்ந்து ரோம் ஒன்றரை மணி நேரம், வெனிஸ் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. போகலாம்தான். ஆனா பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைவீங்க, முட்டிவலி மனுஷனோட. பாய் பக்கம் என் ஓட்டு.

வாணியம்பாடி_கடுக்காய்:

தம்பி, நான் பதனிட்ட ஆட்டுத்தோல் வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் வருஷக்கணக்கா போய்வந்தவன். இப்ப ரிடையர் ஆகி வீட்ல உட்கார்ந்திருக்கேன். அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல தேதி. ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் 15 அவங்களுக்கு ஃபெர்ராகோஸ்தோ, மாதா திருநாள். அதை ஒட்டி ரெண்டு மூணு வாரத்துக்கு டேனரி, மிஷின் கம்பெனி, ஊர்க் கடை எல்லாம் ஷட்டர் இறக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிடும். உங்களுக்குக் கத்துக்கொடுக்க ஒரு ஆள் மிஞ்சினாலும் ஓட்டிப் பார்க்கத் தோல் இருக்காது. ஆகஸ்ட்னு யார் வாயெடுத்தாங்களோ, அவங்க இத்தாலிக்காரன்கிட்ட பேசியே இருக்க மாட்டாங்க.

ஜூன் கடைசியில இன்னொரு லாபம் உண்டு. ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர் திருவிழா. அவர்தான் ஃப்ளாரன்ஸுக்குக் காவல் புனிதர். ராத்திரி பத்து மணி வாக்குல வாணவேடிக்கை, ஆர்னோ ஆத்தங்கரையெல்லாம் ஜனம். நீங்க இருக்கிற ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன் சான் மினியாத்தோ – ஃபுசெக்கியோ. அங்கேர்ந்து ஃப்ளாரன்ஸ் ஒரு மணி நேரத்துக்குள்ளதான். வேலை முடிச்சுட்டே போகலாம். திரும்புற கடைசி ரயிலை மட்டும் முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க.

அடுத்தது ஒரே ஊர், அது ஃப்ளாரன்ஸ். சுற்றுலா வர்றவங்க தாவீது சிலை பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. தோல் தெரிஞ்சவனுக்கு அந்த ஊர் வேற மாதிரி. சான்டா குரோச்சே பேசிலிக்கா (உங்க வேலை ஊர் பேரேதான், ஆனா இது ஃப்ளாரன்ஸுக்குள்ள இருக்கிற கோயில்) பக்கம் தெருப்பலகையைப் படிச்சுக்கிட்டே நடங்க. தோல் பதனிடுறவங்க பேர்ல ஒரு தெரு, சாயம் போடுறவங்க பேர்ல ஒரு தெரு. ரெண்டும் ஆத்துக்குக் கிட்ட. ஏன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கேர்ந்து பொன்தே வெக்கியோ பாலத்துக்கு வாங்க. 1333 வெள்ளத்துல பழைய பாலம் போய், 1345-ல கட்டினது இது. இன்னைக்கு ரெண்டு பக்கமும் தங்க நகைக்கடை. முன்ன கசாப்புக்கடைகள் இருந்த இடம், கழிவெல்லாம் நேரா ஆத்துல. 1565-ல ஊரை ஆண்ட மெடிசி குடும்பம் அரண்மனையிலேர்ந்து அரண்மனைக்குப் போக அந்தக் கடைகள் தலைக்கு மேலேயே ஒரு மூடின நடைபாதை கட்டிக்கிச்சு. அப்புறம் கீழேர்ந்து வர்ற நாத்தம் பொறுக்கலை. 1593-ல அந்தக் குடும்பத்து ஃபெர்டினாண்டோ உத்தரவு போட்டார்: கசாப்புக்காரங்க வெளியே, பொற்கொல்லர்கள் உள்ளே. நாத்தம் பிடிக்கிற தொழில்காரனை ஊருக்கு வெளியே தள்ளுறது நம்ம ஊர்ல மட்டும் நடந்த கதையில்லை தம்பி. அந்தப் பாலத்துல நிக்கிறப்பெல்லாம் எனக்கு நகை கண்ணுக்குத் தெரியாது, இதுதான் தோணும். 1944-ல ஜெர்மன்காரன் பின்வாங்கினப்போ ஊர்ப் பாலத்தையெல்லாம் வெடி வச்சுத் தகர்த்தான், இதை மட்டும் விட்டுட்டான்.

பேசிலிக்காவுக்குள்ள மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி கல்லறைகள் இருக்கு. கவிஞர் தாந்தேவுக்கும் ஒண்ணு உண்டு, ஆனா காலி. ஊரை விட்டு விரட்டினாங்க, ராவென்னாவுல செத்தார், உடம்பும் அங்கேயே. சிமாபுவே வரைஞ்ச பெரிய சிலுவையைப் பாருங்க. 1966 நவம்பர் 4-ம் தேதி வெள்ளத்துல பெயிண்ட் உரிஞ்சுபோனது அப்படியே தெரியும். 1903 பாலாத்து வெள்ளத்தைப் பத்திப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த வாணியம்பாடிக்காரனுக்கு அந்தச் சிலுவை முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கத் தோணும்.

பேசிலிக்காவுக்குப் பின்பக்கம் மடத்துக்குள்ளேயே தோல் வேலைப் பள்ளிக்கூடம் இருக்கு, ஸ்குவோலா தெல் குவோயோ. யுத்தத்துல அனாதையான பசங்களுக்கு ஒரு கைத்தொழில் வேணும்னு பிரான்சிஸ்கன் சாமியார்களும் தோல் வேலைக் குடும்பங்கள் ரெண்டும் சேர்ந்து 1950-ல ஆரம்பிச்சது. கையால வெட்டி, தைச்சு, தங்கரேகை பதிக்கிறதைக் கிட்ட நின்னே பார்க்கலாம். வார நாள்ல போங்க, அப்பத்தான் வேலை நடக்கும். விலைச்சீட்டை மட்டும் பார்க்காதீங்க.

தங்கச்சி பை விஷயம். சான் லொரென்சோ மார்க்கெட்டுல தெரு முழுக்கத் தோல் கடை. எல்லாமே இத்தாலியத் தோல்னு சத்தியம் பண்ணுவான். நீங்க ஃபினிஷிங் சூப்பர்வைசர், ஓரத்தை மடக்கிப் பார்த்து, ஸ்பிளிட் (தோலோட அடி அடுக்கு) மேல பிக்மென்ட் அடிச்சு மேல்தோல் மாதிரி கிரெயின் அச்சு போட்டிருக்கானான்னு கண்டுபிடிக்க உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா? ஒரு சின்ன பர்ஸ், வெஜிடபிள் டேனிங் (மரப்பட்டைச் சாறுல பதனிடுறது) பண்ணினது, அது போதும். நடைபாதையில துணி விரிச்சு பிராண்டு பை விக்கிறவன்கிட்ட கை நீட்டாதீங்க. அங்கே போலி வாங்கினவனுக்கும் அபராதம்.

வெஜிடபிள் டேனிங்னதும் ஞாபகம் வருது. நீங்க வேலைக்குப் போற சான்டா குரோச்சே ஊருக்கு எதிர்க்கரையில பொன்தே ஆ எகோலான்னு ஒரு ஊர். நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் செஞ்ச மாதிரி, அவங்க செஸ்ட்நட் மரச்சாறு, மிமோசா பட்டை, கெப்ராச்சோ போட்டு இன்னும் செய்றாங்க, நல்ல விலைக்கும் விக்கிறாங்க. நம்ம பக்கம் அது எங்கே போச்சுன்னு கேட்காதீங்க, எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு டேனரியைக் காட்டச் சொல்லி மிஷின்காரன்கிட்டேயே கேளுங்க. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் முடிஞ்சா பாருங்க. டேனரிக் கழிவுநீர் பத்தி 1996-ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் நாம பட்ட பாடு பாய்க்குத் தெரியும். அவர் அந்தத் தொட்டிகளை உஃபிஸி மியூசியத்து ஓவியங்களைவிட ஆசையா பார்ப்பார்.

சாப்பாடு. ஊர்க்காரன் ஆசையா சாப்பிடுறது லாம்ப்ரெதோத்தோ, மாட்டோட நாலாவது வயித்தை வேகவச்சு பன்னுக்குள்ள வச்சுத் தருவான். நம்ம போட்டி சாப்பிடுறவங்களுக்குப் புதுசில்லை. பாய்க்கு ஆகாது. அவருக்கு ஸ்டேஷனைச் சுத்தி கெபாப் கடைகள் இருக்கு, ஹலால்னு போர்டு பார்த்துட்டு வாய்விட்டுக் கேட்டுக்கட்டும். உங்களுக்குச் சனிக்கிழமை பாப்பா அல் பொமொதோரோ: பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் குழைச்சது. கறி சூப் ஊத்தியிருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. அந்த ஊர் ரொட்டியில உப்பே இருக்காது, குறைன்னு நினைக்காதீங்க. காபி நின்னுக்கிட்டுக் குடிச்சா ஒரு விலை, உட்கார்ந்தா வேற விலை.

குடியாத்தம்_டு_பீசா:

கடுக்காய் ஐயா சொன்னதுல எல்லாம் சம்மதம். நான் பீசாவுல படிக்கிறேன், அதனால ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வெயில் பிரச்சினையில்லைன்னு சொல்றீங்க பாருங்க அண்ணா, அங்கதான் இடிக்குது. நம்ம ஊர்ல கத்திரி வெயில்ல மதியம் யாரும் ரோட்டுல நடக்கிறதில்லை. இங்க நீங்க நடந்துக்கிட்டேதான் இருப்பீங்க. கல் தரை, கல் சுவர், தெருவுல மரமே கிடையாது. பழைய கட்டடத்து ரூம்ல சீலிங் ஃபேன்கூட இருக்காது, போன ஜூலையில நான் ஈரத்துண்டு போர்த்திக்கிட்டுத் தூங்கினேன். ஏ.சி. இருக்கா, லிஃப்ட் இருக்கான்னு கேட்டுட்டு ரூம் போடுங்க. ஓடோமாஸ் எடுத்துட்டு வாங்க, ஆர்னோ கொசு வேலூர் கொசுவுக்குச் சளைச்சதில்லை. காலைல எட்டரைக்குள்ள வெளிய, ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் ரூம், அப்புறம் மறுபடியும் வெளிய. ஜூன்ல சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும், அதனால நேரம் நஷ்டமில்லை. (பாய்கிட்ட மஃரிப் அப்பத்தான்னு சொல்லிடுங்க.)

இப்ப கிழமை. உஃபிஸி, தாவீது இருக்கிற அக்காதெமியா ரெண்டுக்கும் திங்கட்கிழமை லீவு. ஞாயிறு கதீட்ரல்ல பூசை, சுத்திப்பார்க்க விட மாட்டாங்க. அதனால சனி காலை உஃபிஸி, ஞாயிறு காலை அக்காதெமியா, திங்கள் காலை டூமோ, அதாவது கதீட்ரல் கும்பம், அப்புறம் சான்டா குரோச்சே பேசிலிக்காவும் தோல் பள்ளிக்கூடமும். எல்லாத்துக்கும் நேரம் போட்ட டிக்கெட், ஊர்லேர்ந்தே வாங்கிடுங்க, அதுவும் மியூசியத்தோட சொந்த வெப்சைட்ல. கூகுள்ல முதல்ல வர்றதெல்லாம் ஏஜெண்ட். கோயிலுக்குள்ள தோள், முட்டி மூடியிருக்கணும்.

டூமோ மேல 463 படி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு ஓடு மாதிரி கட்டின கும்பத்துக்கு நடுவுல ஒடுக்கமா படி போகும், பாதியில திரும்ப முடியாது. பாய் கீழேயே இருக்கட்டும். நீங்க ஏறுங்க. 1420-ல ஆரம்பிச்சு 1436-க்குள்ள, தரையிலேர்ந்து சாரம் முட்டுக்கொடுக்காமலே புருனெல்லெஸ்கி எழுப்பினது. செங்கல்லை மீன்முள் மாதிரி குறுக்கு நெடுக்கா அடுக்கினதால ஈரக் காரையிலேயே ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. அந்த வேலைப்பாட்டைப் படி ஏறுறப்போ கைக்கெட்டுற தூரத்துல பார்க்கலாம். பாய்க்குச் சாயங்காலம் பஸ்ல பியாத்ஸாலே மைக்கலாஞ்சலோ. ஊர் முழுக்கத் தெரியும், படியே இல்லை.

ரீஜனல் ரயிலுக்குப் பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரம் மிஷின்ல முத்திரை குத்தணும், இல்லேன்னா அபராதம். பைசா கோபுரத்துக்கு ஃப்ளாரன்ஸ்லேர்ந்து ஒரு மணி நேரம்தான். ஆனா எங்க ஊர்ங்கிறதால சொல்றேன், இந்தத் தடவை விட்டுடுங்க.

ஆம்பூர்_ஃபினிஷிங்:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. பாய்க்குப் படிச்சுக் காட்டினேன், சுத்திகரிப்பு நிலையம்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். ஜூன்தான். ரெண்டு சந்தேகம்: பிசினஸ் விசாவுல அந்த மூணு நாளையும் சேர்க்க முடியுமா? மாசத்துல முதல் ஞாயிறு மியூசியம் இலவசம்னு ஒருத்தர் சொன்னார், நிஜமா?

காட்பாடி_ஜங்ஷன்:

விசா ஃபார்ம்ல மொத்தத் தேதியையும் காட்டுங்க. கம்பெனி அழைப்புக் கடிதம் வெள்ளி வரைக்கும்தான் இருக்கும், மீதிக்கு ஹோட்டல் புக்கிங்கும் உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வைங்க. இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, திரும்புற நாள் வரைக்கும். கைரேகை கொடுக்க ரெண்டு பேரும் சென்னைக்கு நேர்ல போகணும். 15 நாள்னு சொல்வாங்க, 45 வரைக்கும் இழுக்கலாம். இப்பவே ஸ்லாட் போடுங்க.

குடியாத்தம்_டு_பீசா:

இலவசம் நிஜம்தான், ஆனா அன்னைக்கு வரிசை தெரு முனையைத் தாண்டும். நீங்க 24-ம் தேதி வர்ற வேலை வாரத்தைப் பிடிச்சா அதுக்கு அடுத்த ஞாயிறும் ஜூன்லயே வந்துடும், முதல் ஞாயிறு சிக்கல் இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போனா ஜூலை முதல் ஞாயிறுல மாட்டுவீங்க. அப்படி ஆச்சுன்னா அக்காதெமியாவைச் சனி சாயங்காலத்துக்கு மாத்திக்கோங்க.