ஏடிமெகா328பி: இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் ஈரமானி

ஏடிமெகா328பி போன்ற எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலரை (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியை) இன்னும் ஏன் பயன்படுத்த வேண்டும் என்று கேட்போருக்கு, மாடித் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளக்க நான் செய்த கருவியின் அனுபவத்தையே பதிலாக எழுதுகிறேன். அதிலுள்ள 32 கிலோபைட் ஃபிளாஷ் (நிரல் இருக்கும் நினைவகம்), 2 கிலோபைட் எஸ்ரேம் (நிரல் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), 1 கிலோபைட் ஈஈபிராம் (மின்சாரம் போனாலும் அழியாத தரவு நினைவகம்) ஆகியவை இன்று சிறிய அளவுகளாகத் தோன்றலாம். ஆனால் மணிக்கொரு முறை விழித்து, மண் காய்ந்திருந்தால் விளக்கைச் சிமிட்டிவிட்டு மீண்டும் உறங்கும் வேலைக்கு அவை தாராளம். இங்கே பார்க்க வேண்டியது உறக்கத்தில் செலவாகும் மின்னோட்டத்தைத்தான்.

இதே சில்லைக் கொண்ட ஆர்டுயினோ யூனோ பலகை சோதனைக்கு வசதியானது என்றாலும், அதிலுள்ள மின்னழுத்தச் சீராக்கியும் யூஎஸ்பி சில்லும் உறங்குவதே இல்லை. ஆகவே 28 கால் சில்லை மட்டும் தனியே பொருத்தினேன். புதிய சில்லு, உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியின் (கடிகாரத் துடிப்பைத் தரும் பகுதியின்) வேகத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி அமைக்கப்பட்டே வருகிறது. அந்த வேகத்தில் 1.8 வோல்ட் வரை இறங்கினாலும் இயங்குவதால், சீராக்கி எதுவுமின்றி இரண்டு ஏஏ பேட்டரிகளை நேரடியாக இணைக்க முடிந்தது. குறித்த இடைவெளியில் சில்லை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் மட்டும் விழித்திருக்க, மற்றவை முழு உறக்கத்தில் இருக்கும்போது 3 வோல்ட்டில் ஏறத்தாழ 4 மைக்ரோஆம்பியர்தான் செலவாகும். அந்த டைமரின் உச்ச இடைவெளி 8 விநாடி என்பதால், 450 முறை எண்ணினால் ஒரு மணி நேரம். துல்லியம் சற்று முன்பின்னாக இருக்கும். செடி அதைப் பொருட்படுத்தாது.

இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். உறங்கச் செல்லுமுன் ஏடிசியை (மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றும் பகுதியை) நிரலிலேயே அணைக்காவிட்டால், அது உறக்கத்திலும் மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கும். மண்ணில் செருகும் இரு கம்பிகளுக்கு இடைவிடாமல் நேர்மின்சாரம் கொடுத்தால் மின்னாற்பகுப்பால் அவை அரித்துப்போகும். அளக்கும் நொடியில் மட்டும் சில்லின் ஒரு காலிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும்.

மறுமொழி

கல்லூரி ஆய்வகத்தில் 8051 என்ற பழைய மைக்ரோகண்ட்ரோலரைக் கற்றுக்கொண்டு, ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் குடும்பத்துக்கு வந்தவன் நான். இன்டெல் 1980இல் வெளியிட்ட 8051இல் ஓர் இயந்திரச் சுழற்சிக்கு 12 கடிகாரத் துடிப்புகள் ஆகும். ஏவிஆரிலோ பெரும்பாலான கட்டளைகள் ஒரே துடிப்பில் முடிந்துவிடுகின்றன. என்னை உண்மையில் திணறடித்தது 2 கிலோபைட் எஸ்ரேம்தான். என் கருவியின் எல்சிடி திரையில் காட்டும் எழுத்துச் சரங்கள் அனைத்தும், நிரல் தொடங்கும்போதே ஃபிளாஷிலிருந்து எஸ்ரேமுக்குப் படியெடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றை ஃபிளாஷிலேயே நிறுத்தி, தேவைப்படும்போது மட்டும் படிக்கும்படி நிரலை மாற்றிய பிறகே, காரணமின்றி நேர்ந்ததாகத் தோன்றிய மறுதொடக்கங்கள் நின்றன.

முதல் பதிவரின் பதில்

திரை உள்ள கருவிகளுக்கு உங்கள் எச்சரிக்கை மிகவும் பொருந்தும். ஈர அளவைக் கைபேசிக்கு அனுப்ப வேண்டும் என்றால், நானும் இந்தச் சில்லோடு மல்லுக்கட்டாமல் வைஃபை உள்ளடங்கிய ஈஎஸ்பி32ஐத்தான் எடுப்பேன்.