லேத் டேப்பர் கணக்கு: டிகிரி தசமம் நிமிடமாக மாறும் இடத்தில் சறுக்கல். வழி சொல்லுங்கள்

வணக்கம். டர்னர், ஃபிட்டர் பயிற்சிக்குப் போகவிருக்கும் மேல்நிலை மாணவர்களுக்கான தொழிற்கணித வகுப்பு. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு.

கணக்கு இது, லேத்தில் (கடைசல் இயந்திரம்) தண்டை ஒரு முனை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும்படி வெட்டும் டேப்பர்: பெரிய விட்டம் 40 மி.மீ., சிறிய விட்டம் 30, நீளம் 60. காம்பவுண்ட் ரெஸ்ட் முறையில் (வெட்டுளியைத் தாங்கும் ஸ்லைடை α கோணத்துக்குத் திருப்பி வெட்டுவது) tan α = (40 − 30) ÷ (2 × 60) = 0.0833. கால்குலேட்டர் 4.76° காட்டுகிறது. அதைப் பலர் 4 டிகிரி 76 நிமிடம் என்று எடுத்து, 5°16' வைத்து வெட்டிவிடுகிறார்கள். சரியான அளவு 4°46'. அரை டிகிரி பிசகினாலும் 60 மி.மீ. நீளத்தில் சிறிய முனை சுமார் 28.9 ஆகிவிடுகிறது, வேலைத்துண்டு வீண். 2-ஆல் வகுக்க மறந்தால் முனை 20-க்கு இறங்கும், அதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். இந்தப் பிழைதான் கண்ணில் படுவதில்லை.

செய்து பார்த்தவை: செங்கோண முக்கோணம் வரைந்து விளக்கியாயிற்று. 0.76 × 60 ≈ 46 என்று கையால் பெருக்க வைத்தோம்; தாளில் சரியாக வருகிறது, மெஷின் முன் நின்றால் மறந்துபோகிறது. கால்குலேட்டரின் டிகிரி-நிமிட பொத்தானும் சொல்லிக்கொடுத்தோம், ஆனால் தேர்வில் எல்லோரிடமும் ஒரே மாடல் இருக்காது. டயல் கேஜைக் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) காம்பவுண்ட் ஸ்லைடில் பொருத்தி, உருளைத் தண்டின் மேல் 20 மி.மீ. நகர்த்தினால் 1.66 மி.மீ. காட்ட வேண்டும் என்ற சோதனை நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொருவருக்கும் அதற்கு நேரம் போதவில்லை.

கோணம் வைத்ததும், வெட்டும் முன்பே மாணவர் ஒரு நிமிடத்துக்குள் தானே சரிபார்க்க உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?