கைக்குழந்தை வந்தபின் கோயிலும் செபமும் தூரமாகிவிட்டன

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
திருமணமாகிச் சேலத்துக்கு வந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. பிறந்த ஊரில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். இப்போது ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் முடிவதற்குள் அவன் அழத் தொடங்கிவிடுவதால், செருப்புகள் கிடக்கும் வராந்தாவில் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, மறையுரையை ஒலிபெருக்கியில் பாதி மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறேன். சென்ற மாதம் முன்னால் இருந்த ஒருவர் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார். அதன்பின் 3 வாரம் போகவே இல்லை. இரவில் செபமாலையை எடுத்தால் அதன் ஐந்து பகுதிகளில் இரண்டாவதான இரண்டாம் தேவ இரகசியத்துக்குள் தூங்கிவிடுகிறேன். பங்கில் (இந்தக் கோயிலைச் சேர்ந்த மக்களிடையே) என்னைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லை. இது பாவமா, சோம்பலா?

பதில் (ஏற்காடு):
பாவம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள் தங்கை. ஞாயிறு கடமையிலிருந்து விலக்கு அளிக்கும் தக்க காரணங்களுக்கு எடுத்துக்காட்டாக, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2181ஆம் எண்ணில் நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும்தான் சொல்கிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகே எனக்கு இது தெரியவந்தது என்பது வேறு கதை.

செபமாலைக்கு உடம்பு ஒத்துழைக்காவிட்டால் மூவேளைச் செபத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்தான், காலை 6, நண்பகல் 12, மாலை 6 எப்படியும் குழந்தை பாலுக்கு அழும் நேரங்கள். காப்பித் தோட்டத்தில் மணியோசை கேட்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, தூளிக் கயிற்றை ஒரு கையால் ஆட்டியபடியே என் அம்மா சொன்ன செபம் அது.

ஆள் பழக்கத்துக்குக் கோயிலைவிட அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு செபக்குழு) நல்லது. பக்கத்துத் தெருக்காரர்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமரும் இடத்தில் குழந்தை அழுதால், வாங்கிக்கொள்ள நான்கு கைகள் நீளும். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்.

பதில் (சேலம், சி.எஸ்.ஐ. சபை):
நாங்கள் வேறு சபை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாள் (உங்கள் மொழிபெயர்ப்பில் அன்னா) அத்தனை வேண்டிப் பெற்ற பிள்ளையோடு, ஆண்டுப் பலிக்காகச் சீலோவுக்குப் போகாமல், பால் மறக்கும்வரை வீட்டிலேயே இருந்துவிட்டாள். உனக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய் என்று எல்க்கானாவும் விட்டுவிட்டான். அவள் போகாத அந்த நாட்களை வேதம் ஒரு சொல்லாலும் குறைகூறவில்லை.

பதில் (ஒரு தகப்பன், சூரமங்கலம்):
குழந்தையின் அப்பா எங்கே நிற்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே! எங்கள் வீட்டில் மறையுரை முடியும்வரை பிள்ளை என்னிடம். காணிக்கைப் பாடலின்போது கை மாற்றிக்கொள்வோம்.

கேட்டவர்:
நன்றி. அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், வெள்ளி மாலை கூடுகிறார்களாம், எங்கள் எதிர்வீட்டு அம்மாதான் பொறுப்பாளராம். இரண்டு ஆண்டுகளாக அவரிடம் தண்ணீர் வரும் நேரத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன்.