வால்வ் அம்ப் உறுமுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, தம்பிமாரே, ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 (பழைய சின்ன கிட்டார் அம்ப்) சர்க்கிட்டில் ஒரு கிட் வாங்கி, மழையில் வெளியே போக முடியாத இரண்டு வாரத்தில் கட்டி முடித்தேன். வால்வ் மூன்று: சிக்னலை முதலில் பெருக்க 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6 ஒன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு 5வை3, அவ்வளவுதான். சத்தம் அருமை, ஆனால் வொல்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் உறுமல் நிற்கவில்லை.

ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டை அழுத்தினால் வருகிற ஜி கிட்டத்தட்ட 100 ஹேர்ட்ஸ், உறுமல் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது, அதனால் ஃபில்டர் கெபாசிட்டரை விட (அதில் கோளாறு என்றால் உறுமல் 100 ஹேர்ட்ஸில் வரும்) வால்வைச் சூடாக்கும் 50 ஹேர்ட்ஸ் ஹீட்டர் வயர் மேல்தான் எனக்குச் சந்தேகம். 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றினால் சத்தமே இல்லை. ஹீட்டர் வயரை முறுக்கித்தான் போட்டேன் (அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்). ட்ரான்ஸ்ஃபோமரின் ஹீட்டர் வைண்டிங்கில் நடு டேப் (நடுவிலிருந்து எடுக்கும் வயர்) இல்லை, ஒரு பக்கத்தை சேசிஸில் சேர்த்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் 100 ஓம் போட்டு எர்த்துக்குக் கொடுத்தால் சரியாகுமா?

அப்புறம் இன்னொன்று. 6வி6 பிளேட்டில் 372 வோல்ட், கெதோடில் 24.4. கெதோட் ரெசிஸ்டர் 470 ஓம், அப்படியென்றால் சுமார் 52 மில்லிஅம்பியர், ஸ்க்ரீனுக்கு (வால்வுக்குள் இருக்கும் இன்னொரு கிரிட்) நாலைக் கழித்தாலும் பிளேட்டில் 16 வாட்டுக்கு மேல். பழைய டேட்டாஷீட்டில் உச்ச வரம்பு 12 தானே? ட்ரான்ஸ்ஃபோமர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது, எங்கள் லைனில் ராத்திரி 240 காட்டுகிறது. கெதோட் ரெசிஸ்டரை மாற்றி 680 ஓம் போடவா, 820 போடவா? கட்டியவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்க வேண்டும்.