டெபியன் 12: ஒடியா எழுத்துருவை நீக்கப் போனால் தமிழ் எழுத்துருவும் தேவையில்லை என்கிறதே?

தாராவி மாலை வகுப்பு

வணக்கம். மும்பை தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே ஒரு மன்றத்தின் மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக்கணினிகள் எங்களுக்குக் கிடைத்தன. எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலுடன் ஓடுகிறது. தமிழ், மராத்தி, இந்தி, கும்பார்வாடா பிள்ளைகளுக்காகக் குஜராத்தி என்று எல்லா எழுத்துகளும் வேண்டுமே என்று 'ஃபான்ட்ஸ்-இன்டிக்' என்ற ஒரே பொதியை (மென்பொருள் கட்டு) நிறுவியிருந்தோம்.

இப்போது ரூட் பார்டிஷன், அதாவது வட்டில் இயங்குதளமும் மென்பொருள்களும் இருக்கும் பகுதி, நிரம்பிவிட்டது. 28 ஜிபியில் 97 விழுக்காடு போய்விட்டதாகக் காட்டுகிறது. எங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் /ஹோம் பார்டிஷனில் இடம் தாராளமாக இருக்கிறது. பயன்படாதவற்றைக் களையலாம் என்று, இங்கே யாரும் படிக்காத ஒடியாவிலிருந்து தொடங்கினேன்:

சூடோ ஆப்ட் ரிமூவ் ஃபான்ட்ஸ்-ஓர்யா

வந்த பதிலைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. ஃபான்ட்ஸ்-இன்டிக்கும் சேர்ந்து நீங்குமாம். அதற்கு மேலே, 'தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை' என்ற தலைப்பில் ஃபான்ட்ஸ்-டாம்ல் (தமிழ்), ஃபான்ட்ஸ்-தேவா (தேவநாகரி), ஃபான்ட்ஸ்-குஜ்ர் (குஜராத்தி) என்று நீண்ட பட்டியல். நான் தமிழை நீக்கச் சொல்லவே இல்லையே! தொடரலாமா என்ற கேள்வியோடு திரை அப்படியே நிற்கிறது. என்ன செய்யட்டும்?

கிங்ஸ் சர்க்கிள்

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, /ஹோமைத் தனியாகப் பிரிக்காமல் ஒரே பார்டிஷனாக மறுபடி நிறுவுங்கள். நிறுவும்போது 'தனி /ஹோம்' என்ற வழியைத் தேர்ந்தால் ரூட்டுக்குக் கொஞ்சம்தான் ஒதுக்கும். வேர் அங்கேதான் இருக்கிறது.

சயான்வாசி

அக்கா, முதலில் 'இல்லை' என்று பதில் கொடுத்து வெளியே வாருங்கள். எதுவும் கெடவில்லை. மறுபடி நிறுவவும் வேண்டாம். பார்டிஷன் பற்றி மேலே சொன்னது சரிதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பை நிறுத்தும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

திரையில் நடந்தது இதுதான். பொதிகளை நிறுவி நீக்கும் கருவியான ஆப்ட் ஒவ்வொரு பொதியைப் பற்றியும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது: இதை மனிதர் கேட்டு நிறுவினாரா, வேறொன்றின் துணையாகத் தானாக வந்ததா? /வார்/லிப்/ஆப்ட் அடைவில் 'எக்ஸ்டென்டட்_ஸ்டேட்ஸ்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஃபான்ட்ஸ்-டாம்ல் பெயருக்குக் கீழே 'ஆட்டோ-இன்ஸ்டால்டு: 1' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் கேட்டது ஃபான்ட்ஸ்-இன்டிக்கை மட்டுமே. அதற்குள் எழுத்துரு எதுவும் கிடையாது, பிற பொதிகளைக் கூட்டிவரும் வெறும் பட்டியல் அது. ஒடியா இல்லாமல் அந்தப் பட்டியல் முழுமையாகாது என்பதால் அதுவும் நீங்குகிறது. அது நீங்கியதும் தமிழைக் கேட்டவர் என்று கணக்கில் யாரும் இல்லை. அந்த நிலையில், இனித் தேவையில்லாதவற்றைக் களையும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தால் தமிழும் தேவநாகரியும் குஜராத்தியும் ஒன்றாகப் போய்விடும்.

யார் எதைக் கூட்டிவந்தார் என்று தெரிய 'ஆப்டிடியூட் ஒய் ஃபான்ட்ஸ்-டாம்ல்' என்று கேளுங்கள், சங்கிலியைக் காட்டும். ஆப்டிடியூடைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். வேண்டிய எழுத்துருக்கள் நிலைக்க, அவற்றை நீங்களே கேட்டதாகக் குறித்தால் போதும்:

சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் ஃபான்ட்ஸ்-டாம்ல் ஃபான்ட்ஸ்-தேவா ஃபான்ட்ஸ்-குஜ்ர்

அதன்பிறகு இன்டிக் போனாலும் இவை போகா. ஆனாலும் ஒடியாவை நீக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்துருவில் உங்களுக்குக் கிடைப்பது சில எம்பி. தாராவிக்கு எந்த ஊரிலிருந்து யார் வந்து சேர்வார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? நாளை ஓர் ஒடியா பிள்ளை வந்து உட்கார்ந்தால் தன் பெயரைத் தன் எழுத்தில் பார்க்கட்டுமே.

இடத்தைத் தின்பது வேறு எங்கோ. முதலில் பழைய கெர்னல்கள், அதாவது இயங்குதளத்தின் மையக்கருக்கள். டெபியன் 12-இன் 6.1 கெர்னல் ஒவ்வொன்றும் நிறுவிய பின் ஏறத்தாழ 400 எம்பி பிடிக்கும். பெயரிலுள்ள எண் மாறி வரும் ஒவ்வொரு புதுப்பிப்பும் புதிய பொதியாகவே இறங்கும், பழையது தானாக விலகாது. யாரும் களையாவிட்டால் அடுக்கிக்கொண்டே போகும். 'யூநேம் -ஆர்' கொடுத்தால் இப்போது ஓடுவது எது என்று தெரியும். ஆட்டோரிமூவ் அதைத் தொடாது.

அடுத்தது பதிவேடு. கணினியில் நடப்பதைக் குறித்துவைக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல், தான் இருக்கும் பார்டிஷனில் 10 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும், உச்சவரம்பு 4 ஜிபி. உங்கள் 28 ஜிபியில் கிட்டத்தட்ட 3 ஜிபி வரை போகலாம். அதை 200 எம்பிக்குச் சுருக்க:

சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்

பிறகு /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ். ஆப்ட் வழியாக நிறுவினால் இறக்கிய கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடும். ஆப்ட்-கெட் வழியாக நிறுவியிருந்தால் அங்கேயே கிடக்கும். 'சூடோ ஆப்ட் க்ளீன்' கொடுங்கள், இதில் எந்த ஆபத்தும் இல்லை. ஃப்ளாட்பேக் (ஆப்டுக்கு வெளியே செயலிகளை நிறுவும் முறை) வைத்திருக்கிறீர்களா? அதன் ரன்டைம்கள் (செயலிகள் ஓடத் தேவையான துணைக் கோப்புகள்) /வார்/லிப்/ஃப்ளாட்பேக்கில் கிடக்கும், அதுவும் ரூட்டில்தான். 'ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு' அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் முடிந்த பின்னும் பொதிகளைக் குறைக்க விரும்பினால், பொதிகளைச் சுட்டியால் கையாளும் சினாப்டிக்கைத் திறந்து, நிறுவிய அளவு என்ற நெடுவரிசைப்படி அடுக்குங்கள். பெரியவை மேலே வந்து நிற்கும். பெயர் தெரியாத எதையும் நீக்காதீர்கள். 'லிப்' என்று தொடங்கும் பொதிகளை (பிற மென்பொருள்கள் சார்ந்திருப்பவை)க் கையால் தொடவே வேண்டாம், அவற்றை ஆட்டோரிமூவ் பார்த்துக்கொள்ளட்டும். நீக்கும் முன் ஒவ்வொரு முறையும் --சிமுலேட் சேர்த்து, எதையும் மாற்றாத ஒத்திகையாக ஓட்டி, வரும் பட்டியலை ஒரு பெயர் விடாமல் படியுங்கள். இன்று நீங்கள் படித்ததால்தான் தமிழ் தப்பியது.

முனையம்

சயான்வாசி சொன்னதோடு ஒன்று. ரிமூவ் கொடுத்தால் அமைப்புக் கோப்புகள் /இடிசியில் தங்கும், டிபிகேஜி (ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் கருவி) பட்டியலில் அந்தப் பொதி 'ஆர்சி' என்று நிற்கும். அவற்றையும் துடைக்க 'பர்ஜ்' உண்டு. ஆனால் அவை சில கேபிதான், இடத்துக்காக அதைத் துரத்த வேண்டியதில்லை.

தாராவி மாலை வகுப்பு

மிக்க நன்றி. ஒரு கணினியில் மட்டும் செய்து பார்த்தேன். முதலில் ஆப்ட்-மார்க், பிறகு ஆட்டோரிமூவ் --சிமுலேட். பட்டியலில் நான்கு பழைய கெர்னல்கள், எழுத்துரு ஒன்றுகூட இல்லை. அவற்றை நீக்கி, ஜர்னலைச் சுருக்கி, க்ளீன் கொடுத்ததும் 97 விழுக்காடு 79 ஆனது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டிப் பார்த்தேன், எழுத்துகள் சரியாக வருகின்றன. ஒடியாவும் இருக்கட்டும்.

மற்ற கணினிகளிலும் இதைச் செய்துவிடுவேன். ஆனால் மறுபடியும் கெர்னல்கள் சேருமே, ஒவ்வொன்றாக உட்கார்ந்து களைய எனக்கு நேரமில்லை. வழி உண்டா?

சயான்வாசி

உண்டு அக்கா. 'அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ்' பொதியை நிறுவுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானே போட்டு, பயன்படாத பழைய கெர்னல்களையும் அகற்றிவிடும். /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் '50அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ்' என்ற கோப்பில் 'ரிமூவ்-அன்யூஸ்டு-கெர்னல்-பேக்கேஜஸ்' என்ற வரியைப் பாருங்கள், 'ட்ரூ' என்றிருக்க வேண்டும். இரவில் கணினிகள் அணைந்திருந்தாலும் பரவாயில்லை, விட்டுப்போன வேலையை அடுத்த முறை இயக்கியதும் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: வகுப்பு முடிந்ததும் சுவர் சுவிட்சை நேராக அணைக்கக் கூடாது, மெனுவில் ஷட்டவுன் கொடுத்துத் திரை அணைந்த பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். புதுப்பிப்பு பாதியில் அறுந்தால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று அதைச் சரிசெய்ய நீங்கள்தான் உட்கார வேண்டியிருக்கும்.